மூன்றாவது ஓலை

கும்மிடிப்பூண்டி
9 ஜூன் 2025

ஜெனிபருக்கு,

உன் மாமனார் சின்னராசு சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு கிரேஸ் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது. நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். மாற்றாமல் இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை. எனக்கு இரண்டு காதும் மந்தம். போனில் நீ திட்டினாலும் ஸ்தோத்திரம் சொன்னாலும் ஒரே இரைச்சல்தான்.

திரும்பி வா என்று கேட்க இதை எழுதவில்லை. பயப்படாதே.

என் பிள்ளை சாம்சனால் இப்போது தானாகச் சாப்பிட முடியவில்லை. சோற்றை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் கை காதுப் பக்கம் போய்விடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தோளும் காலும் அடங்குவதில்லை. நான்தான் ஊட்டுகிறேன். பேச்சும் குழறுகிறது. ஆனால் ஆளைத் தெரிகிறது, எல்லாம் புரிகிறது. அதுதான் கொடுமை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். "பெரியவரே, இது குடி மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். மனுஷனுடைய மூளை எப்படி வேலை செய்கிறது, எங்கே போய்க் கெடுகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள். அங்கிருந்து மிருதுளா என்று ஒரு பெண் வந்தாள். திருவள்ளூர்தான் சொந்த ஊராம். அவள் அப்பா பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். "எங்க ஊட்ல டீ குடிச்சது உங்கப்பாருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரியும் தாத்தா, சர்க்கரை கம்மியா போடச் சொல்லிதான் அனுப்பினாரு" என்றாள். நல்ல பெண்.

இரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் ஒன்று கேட்கிறாள். இவன் முதலில் எப்போது மாறினான்? கூட இருந்தவர்தான் சொல்ல முடியும் என்கிறாள். கூட இருந்தவள் நீ. கோபத்தோடு எழுதினாலும் சரி, நடந்ததை எழுது.

சின்னராசு


மணவாள நகர்
20 ஜூன் 2025

மாமாவுக்கு,

கிரேஸ் அக்கா, இதை மாமாவுக்குப் படித்துக் காட்டும்போது நடுவில் எதையும் முழுங்காதீர்கள்.

நடந்ததை எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். எனக்கு முதல் ஷிப்ட் இருந்த நாளில் எல்லாம் உங்கள் பேத்தி ஹெலனுக்கு அவர்தான் தலை பின்னிவிடுவார். இரட்டைச் சடை, ரிப்பன் மடித்துக் கட்டி, என்னைவிட அழகாகப் பின்னுவார். மில்லில் இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற கை அது. அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் சடை வரவில்லை. மூன்று பிரியும் மாறி மாறிப் போனது. திரும்பப் பின்னினார், திரும்ப அவிழ்ந்தது. சீப்பைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். அவள் அழுதுகொண்டே தலைவிரிகோலமாகப் பள்ளிக்கூடம் போனாள். அதற்கு முன்னால் அவர் அவளை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. உங்கள் ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு அதைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு குடித்தார். இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. கிறிஸ்மஸில் எபினேசர் பாஸ்டர் முன்னால் முழங்கால் போட்டு, இனி தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்தார். அடுத்து வந்த ஈஸ்டரில் திருவிருந்துக்குப் போய்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். திராட்சை ரசம் முழுக்க பாஸ்டர் அங்கி மேலே. சபையே பார்த்தது. கமிட்டிக்காரர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்து அவர் வாயை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. வாசனை வராத சரக்கு எதையோ போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மில் கேட்டிலும் தினம் வாயை ஊதச் சொல்லிப் பார்த்தவர்கள் அதையேதான் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

கடைசியாகச் சூடாக இருந்த தோசைக்கல்லை எறிந்தார். ஹெலன் கையில் இப்போதும் தழும்பு இருக்கிறது. துணிக்கடையில் கணக்கு எழுதும்போது முழுக்கை போட்டுக்கொண்டு போகிறாள்.

குடிகாரப் புருஷனை விட்டு வந்தவள் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னைத் தப்பாகப் பேசவில்லை. நிம்மதியாக இருக்கிறேன். அந்த நிம்மதியைக் கெடுக்காதீர்கள்.

ஜெனிபர்


கும்மிடிப்பூண்டி
2 ஆகஸ்ட் 2025

ஜெனிபருக்கு,

சடை பின்னிய கதையை மிருதுளாவிடம் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அதுதான் ஆரம்பமாம். விரல் வேலைதான் முதலில் போகுமாம். கூடவே குணமும் மாறுமாம். கோபத்தைப் பிடித்து வைக்கிற இடம் மூளையில் முதலிலேயே பழுதாகிவிடுமாம். குடித்தது அதற்கு மேலே வந்து சேர்ந்தது.

இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. சொல்கிறேன், கேள். உட்கார்ந்து படி.

அதற்கு முன்னால் அவள் என்னிடம், வீட்டில் வேறு யாருக்காவது இந்த ஆட்டம் இருந்ததா என்று கேட்டாள். என் பக்கம் யாருக்கும் இல்லை. உன் மாமியார் ரோசம்மாள் பக்கத்தைக் கேட்டாள். கல்யாணத்துக்குத்தான் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள், அவள் வீட்டார் சாமி கும்பிடுகிறவர்கள். ரோசம்மாளின் அம்மா செண்பகம், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் நாற்று நடுகிற கூலிக்காரி. நான் பெண் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் வாசலில் நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தாள். பவானி அம்மன் வந்திருக்கிறாள் என்று சுற்றி நின்றவர்கள் காலில் விழுந்து குறி கேட்டார்கள். ஆடி மாதம் மட்டும்தான் சாமி வரும் என்பார்கள், அந்த அம்மாளுக்குப் பன்னிரண்டு மாதமும் வந்தது. என்னையும் விழச் சொன்னார்கள். நாங்கள் வேதக்காரர்கள், விழமாட்டேன் என்று நின்றேன். என் மாமனார், "மாப்ள மொறச்சிக்கினு கீறாரு, மொதல்ல மோர் குடுங்கடா" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ரோசம்மாளின் தம்பி பச்சையப்பன். செங்கல் சூளையில் வேலை. கல் சுமந்தால் கீழே போடுவான், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பான். யாரோ ஒருத்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று சொல்லி, மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏரியில் விழுந்து செத்தான். ரோசம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்குள் ஜி.என்.டி. ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டாள். அப்போது சாம்சன் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எதையெதை அடைத்துக் கறுப்பாக்குகிறாள் என்று தெரியாதா? ஒரே ஆட்டம், ஜெனிபர். அவளுக்குச் சாமி என்றார்கள், அவனுக்கு மருந்து என்றார்கள், என் பிள்ளைக்குச் சாராயம் என்றார்கள்.

இரத்தத்திலும் அதுதான் வந்திருக்கிறது. மூளையில் வருகிற இந்த நோய் வம்சத்தில் இறங்குமாம். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பூவா தலையா மாதிரி. முப்பது, நாற்பது வயது வரைக்கும் ஒன்றுமே வெளியில் தெரியாது. இரத்தத்தில் பார்த்தால் இப்போதே தெரியும். மருந்து கிடையாது. "மருந்து இல்லன்னா இன்னாத்துக்கும்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன். எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று தேட முடியும் என்றாள். "அதுக்குள்ள எம்புள்ள போயிடுவானே" என்றேன். ஆமாம் தாத்தா என்றாள். பொய் சொல்லாமல் இருந்தாளே, அதுவே மரியாதை.

சாம்சன் குடிகாரன் இல்லை என்று பாஸ்டரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். மறுபடியும் அவனைத் திருவிருந்தில் சேர்க்கச் சொல்வேன். அதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இது. ஹெலனுக்கும் நீதான் சொல்ல வேண்டும்.

சின்னராசு


மணவாள நகர்
11 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

உங்கள் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன், பாஸ்டரிடம் போகாதீர்கள். இதற்குள் போயிருந்தால் தொலைந்தோம்.

ஹெலனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். பையன் பேர் ஜெயசீலன், துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நல்ல குடும்பம், நகை இவ்வளவு வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. பையனுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். பெண்ணோட அப்பா எங்கே என்று. குடிப்பார், சேர்ந்து இல்லை என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டு மாமனாரும் அப்டிதாம்மா, வுடு" என்றார்கள்.

குடிகாரன் மகளை யாரும் கட்டிக்கொள்வார்கள், மாமா. ஆட்டக்கார வம்சத்தில் எவன் எடுப்பான்? அவர் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். அதனால் அவருக்கு இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை. நீங்கள் அவரைக் குடிகாரன் என்றே சொல்லிக்கொண்டிருங்கள். பேத்திக்காக இதைச் செய்யமாட்டீர்களா?

இன்னொரு சங்கடம். ஹெலன் பேர் இன்னும் உங்கள் சபையில்தான் இருக்கிறது. அதனால் மூன்று ஞாயிறும் அங்கேயும் கல்யாண ஓலை வாசிப்பார்கள். ஆகஸ்ட் 24, 31, அப்புறம் செப்டம்பர் 7. நீங்கள் கோயிலில் இருப்பீர்கள். அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

கிரேஸ் அக்கா, இது உங்களுக்குத் தெரிந்தாலே பாதிச் சபைக்குத் தெரிந்த மாதிரி. தயவு செய்து மற்ற பாதிக்காவது சொல்லாதீர்கள்.

ஜெனிபர்


கும்மிடிப்பூண்டி
25 ஆகஸ்ட் 2025

ஜெனிபருக்கு,

பாஸ்டரிடம் போகவில்லை. உன் கடிதம் முந்திக்கொண்டது. கிரேஸ் உன் மேல் கோபமாக இருக்கிறாள், ஆனாலும் எழுதுகிறாள்.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். சாம்சன் மகள் ஹெலனுக்கும் இன்னார் மகன் ஜெயசீலனுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இவர்கள் இணையக் கூடாதபடிக்குத் தடை எதையாவது யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று பாஸ்டர் வாசித்தார். கிரேஸ் என் காதுக்குள் திருப்பிச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. முன் பெஞ்சைப் பிடித்த கையை விடவே இல்லை. கோயிலை விட்டு வெளியே வந்ததும் நாலு பேர் கை கொடுத்தார்கள். "அப்பன் எப்டி இருந்தா இன்னா தாத்தா, பொண்ணு கரை ஏறிச்சே" என்றார்கள். பல்லைக் காட்டினேன்.

என் பிள்ளை பேர் கெட்டதாகவே இருக்கட்டும் என்றாயே. சரி, இருக்கட்டும். அதை விட்டுக் கொடுத்துவிட்டேன். ஊட்டும்போது அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியும் விட்டேன். "ஒம் பொண்ணுக்காக நீ குடிகாரனாவே இரு நைனா" என்றேன். தலையை ஆட்டினான். நோய் ஆட்டியதா அவன் ஆட்டினானா தெரியாது.

ஆனால் அவள் தெரியாமல் கட்டிக்கொள்வதை என்னால் விட்டுக் கொடுக்க முடியவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம், சபைக்குத் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு அவள் பிள்ளை பெறுவாள். அந்தப் பிள்ளைக்குச் சடை பின்னும்போது விரல் பின்னிக்கொண்டால் என்ன நினைப்பாள்? அவள் புருஷனாவது, குடிக்கிறாள் என்று நினைக்கமாட்டான். வேறு என்னவோ நினைப்பான்.

மிருதுளாவிடம், நீயே போய்ச் சொல்லம்மா என்று கேட்டேன். கூடாதாம். அந்தப் பெண்ணே வந்து கேட்டால்தான் வாயைத் திறக்கலாமாம். அதுதான் அவர்கள் சட்டம். "கீதுன்னே தெரியாத ஒண்ண அவ எப்டிம்மா கேப்பா?" என்றேன். அதற்குத்தான் வீட்டு மனுஷர்கள் என்றாள்.

மூன்றாவது ஓலைக்குள் நீ சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அன்றைக்கு நான் எழுந்து நிற்பேன். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் நிற்பேன்.

சின்னராசு


மணவாள நகர்
1 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

நேற்று இரண்டாவது ஓலையும் ஆயிற்று. உங்கள் கடிதம் கையில் இருக்கிறது.

நில்லுங்கள். சபை நடுவில் எழுந்து நின்று உங்கள் பேத்தி வாழ்க்கையை அழியுங்கள். அன்றையிலிருந்து எனக்கு மாமனார் இல்லை, அவளுக்குத் தாத்தா இல்லை. செத்தால்கூட வரமாட்டோம்.

இப்படி எழுதிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் பிரித்து மறுபடியும் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய நாளிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். காபி டம்ளர் எடுத்தால் பார்க்கிறேன். ஊசியில் நூல் கோத்தால் பார்க்கிறேன். போன வியாழக்கிழமை அவள் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. எல்லார் கையிலிருந்தும்தான் விழும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "இன்னாமா ஆச்சு ஒனக்கு, நைனா மாதிரி கத்தற" என்றாள் ஹெலன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரிடம் சொல்வேன்? குடிகாரனை விட்டு வந்தேன் என்று இருந்தேன். வாயில் வாசனை இல்லாத மனுஷனை விட்டு வந்தேன் என்று இப்போது ஆகிவிட்டது. அந்த மிருதுளா வந்து என்ன கண்டுபிடித்தாளோ, என் தலையில் இதை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தோசைக்கல் சூடுதான், தழும்பு தழும்புதான். நான் வந்தது தப்பில்லை. தப்பில்லை என்று இப்போதெல்லாம் தினமும் எனக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மாமா. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

ஜெனிபர்


கும்மிடிப்பூண்டி
8 செப்டம்பர் 2025

ஜெனிபருக்கு,

எந்த வார்த்தையில் ஆரம்பித்தாயோ, ஹெலன் என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மின்சார ரயிலில் வந்து இறங்கி, பையோடு வாசலில் நின்றாள். "அம்மா சொல்ட்டாங்க தாத்தா" என்றாள். அவ்வளவுதான். நீ அவளைத் திட்டி அனுப்பினாயா, அழுது அனுப்பினாயா, அல்லது உனக்குத் தெரியாமலே வந்துவிட்டாளா, நான் கேட்கவில்லை. பத்திரமாக இருக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்.

சாம்சன் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய் நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். இரண்டு பேருமாகத் தூக்கினோம். "எலன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று நீ பார்த்திருக்க வேண்டும். அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு அவனுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள். அவன் தழும்பைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே குடித்தான்.

அதற்குப் பிறகு அவளே பாஸ்டர் வீட்டுக்குப் போய் வந்தாள். நேற்று மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. பாஸ்டர் மற்ற அறிவிப்பெல்லாம் வாசித்துவிட்டுப் பாட்டு நம்பர் சொன்னார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் என்னவோ செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் கேட்டது ரத்து இல்லையாம், தள்ளிவைப்புதானாம். அந்தப் பையனிடம் வெள்ளிக்கிழமையே நேரில் சொல்லிவிட்டாள். யோசிக்கிறேன் என்றானாம். அதற்கப்புறம் போன் வரவில்லை. அவனைத் திட்டாதே. யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

இரத்தம் கொடுத்துப் பார்ப்பாயா என்று கேட்டேன். தெரியாது என்றாள். "தெரிஞ்சிக்கினா தினம் அதையே நெனச்சிக்கினு இருப்பேன். தெரியலன்னா அம்மா தினம் என் கையையே பாத்துக்கினு இருப்பாங்க" என்றாள். மிருதுளாவிடம் பேச மட்டும் அடுத்த வாரம் போகிறாள். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நீ வருவதாக இருந்தால் வா. அவள் வேண்டாம் என்று சொன்னது என்னைத்தான்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ போனது தப்பு என்று நானும் சொல்லமாட்டேன். தோசைக்கல் பறந்த வீட்டில் வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு யார் இருப்பார்கள்?

இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கிரேஸ் எழுத மாட்டேன் என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பெரியபாளையத்து அம்மாளையும், பச்சையப்பனையும், ரோசம்மாளையும் பற்றி எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், எனக்கு எதுதான் மறந்திருக்கிறது? பிறகு கேட்டாள்:

"தாத்தா, பாட்டி ரத்தத்துல இது கீதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, நீ கட்டியிருப்பியா?"

ரோசம்மாள் என்னோடு இருந்த வருஷங்கள் கொஞ்சம்தான். அந்த வருஷங்களை ஒரு தரம் முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னேன். கட்டியிருப்பேன் என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

அவள் வாயைத் திறந்தாள். அடுத்த கேள்வி பிள்ளை பெற்றதைப் பற்றி என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்கவில்லை. சாம்சன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

சின்னராசு